லோ பீம் போட்டா அணையாத டிஆர்எல், ஹை பீம் போட்டா அணையுது! ஒயரிங் தெரிஞ்சவங்க சொல்லுங்க

ஈசூன்_குமரன் · சனி, இரவு 9.50

வணக்கம். வண்டி 2009 பதிவு, ஜப்பான் கார். சிங்கப்பூர்ல கார் வச்சிருக்கத் தேவையான உரிமைச் சான்று, சிஓஇ, அதை 10 வருஷத்துக்குப் புதுப்பிச்சு ஓட்டிட்டு இருக்கேன். பழைய வண்டிங்கிறதால டிஆர்எல், அதாவது பகல்லயும் முன்னால எரியுற விளக்கு, கிடையாது. சாம்பல் கலர் கார் மழையில யார் கண்ணுக்கும் தெரியாதுன்னு வீட்டம்மா சொல்லிச் சொல்லி, போன வாரம் ஆன்லைன்ல ஒரு எல்இடி செட் வாங்கிட்டேன்.

செட்ல ரெண்டு விளக்கு, தீப்பெட்டி அளவுல ஒரு கறுப்புப் பெட்டி. பெட்டியிலேர்ந்து சிவப்பு ஒயர் பேட்டரி பிளஸ்ஸுக்கு, கறுப்பு மைனஸுக்கு, வெள்ளை ஒயர் ஹெட்லைட்டுக்கு. இன்ஜின் ஓடுதா இல்லையான்னு பேட்டரி வோல்டேஜைப் பார்த்தே பெட்டி தெரிஞ்சுக்குமாம். வெள்ளை ஒயர்ல 12 வோல்ட் வந்தா டிஆர்எல் அணையணும்.

எங்க வண்டியில எச்4 பல்பு, லோவும் ஹையும் ஒரே பல்புக்குள்ள. லோ பீம் ஒயர்ல, ஒயரோட ஒயர் இணைக்கிற நீலக் கிளிப்பைக் கடிச்சுவிட்டு வெள்ளை ஒயரை மாட்டினேன். இப்ப நடக்கிற கூத்து:

இன்ஜின் ஸ்டார்ட் பண்ணா டிஆர்எல் எரியுது, சரி. லோ பீம் போட்டா டிஆர்எல் அணையாம ஜம்முனு எரிஞ்சுட்டே இருக்கு. ஹை பீம் போட்டா டக்குன்னு அணையுது. எதிர்ல வர்றவங்களுக்கு பாஸ் அடிச்சா (ஹை பீமை ஒரு நொடி மின்ன விட்டா), அடிக்கிற நேரம் மட்டும் அணைஞ்சு திரும்ப எரியுது.

வெள்ளை ஒயர் லோ பீம்லதான் இருக்குன்னு மூணு தடவை பார்த்துட்டேன். மண்டை காயுது.

ஜூரோங்_பாய் · சனி, இரவு 10.12

ப்ரோ, சிம்பிள். நீங்க மாத்தி மாட்டிட்டீங்க. லோன்னு நினைச்சு ஹை ஒயர்ல கிளிப் போட்டிருக்கீங்க. பக்கத்து ஒயருக்கு மாத்துங்க, முடிஞ்சது. இதுக்கு எதுக்கு மண்டை காயணும்.

ஈசூன்_குமரன் · ஞாயிறு, காலை 11.05

பாய், மாத்திப் பார்த்தேன். லோ பீம் போட்டதும் டிஆர்எல் அணைஞ்சுது! சந்தோஷத்துல கிளிப்புக்கு மேல டேப்பும் சுத்திட்டேன். அப்புறம் ஹை பீம் போட்டேன். டிஆர்எல் திரும்ப எரியுது. சுத்தமா தலைகீழ்.

ஜூரோங்_பாய் · ஞாயிறு, காலை 11.20

அப்போ பெட்டி டமால். ஜேபி-ல, மலேசியாவோட ஜோகூர் பாருல, எனக்குத் தெரிஞ்ச ஒர்க்‌ஷாப் ஒண்ணு இருக்கு, ஒரு மணி நேரத்துல முடிச்சுக் குடுப்பான். எல்லை தாண்ட பெட்ரோல் முக்கால் டேங்க் வேணும், மறந்துடாதீங்க.

பீடோக்_மாமா · ஞாயிறு, பகல் 12.40

தம்பி குமரா, பெட்டியும் கெடல, நீயும் தப்பா மாட்டல. வண்டியோட ஒயரிங்கே அப்படி. நான் முப்பது வருஷத்துக்கு மேல ஆட்டோ எலக்ட்ரிக் வேலை பார்த்தவன். இந்தக் கதையை எத்தனையோ வண்டியில பார்த்துட்டேன்.

நான் சொல்றது சரிதானான்னு முதல்ல நீயே அளந்து பாரு. டிஜிட்டல் மீட்டர் வச்சிருக்கியா? கறுப்பு முனையை பேட்டரி மைனஸ்ல வை. ஹெட்லைட் கப்ளரை (பல்புல சொருகியிருக்கிற பிளக்கை) கழட்டாதே, பல்போட மாட்டினபடியே இருக்கட்டும். சிவப்பு முனையில குண்டூசி மாதிரி ஏதாவது சேர்த்து, கப்ளருக்குப் பின்பக்கமா மூணு பின்னையும் தொட்டுப் பாரு. லைட் ஆஃப், லோ, ஹை, மூணு நிலையிலயும் அளந்து எழுது. கப்ளரைக் கழட்டி அளந்தா வேற கணக்கு வரும், ஏமாந்துடுவே.

கோவை2சிங்கை · ஞாயிறு, மதியம் 1.15

மாமா என்ன சொல்லப் போறார்னு புரிஞ்சிடுச்சு, வாயைத் திறக்கலை. குமரன், மீட்டர் இல்லைன்னா ஜாலான் புசார்ல சிம் லிம் டவர் போங்க. கீழ் மாடிக் கடைகள்லயே கிடைக்கும். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, டவர். நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ரெசிஸ்டர் கேட்டு ஸ்குவேர் முழுக்க அலைஞ்சவன்.

ஈசூன்_குமரன் · ஞாயிறு, இரவு 8.30

கார்பார்க் 5பி டெக்ல உட்கார்ந்து அளந்தேன். இன்ஜின் ஆஃப். போன் டார்ச்சை வாயில கவ்விட்டு எழுதினது, எச்சில் பட்டு ஒரு எண் அழிஞ்சு திரும்ப அளந்தேன்.

லைட் ஆஃப்: மூணு பின்லயும் 0.
லோ: முதல் பின் 12.2, லோ பின் 0.1, ஹை பின் 12.2.
ஹை: முதல் பின் 12.1, லோ பின் 12.1, ஹை பின் 0.1.

இது எப்படி? லோ பீம் எரியும்போது லோ பின்லதானே 12 வரணும்?

பீடோக்_மாமா · ஞாயிறு, இரவு 9.25

அதான் விஷயம். தண்ணிக் குழாயை நினைச்சுக்கோ. மேல தொட்டி, கீழ வாளி. வால்வைத் தொட்டிப் பக்கமும் வைக்கலாம், வாளிப் பக்கமும் வைக்கலாம். ரெண்டுலயும் தண்ணியைத் திறக்கலாம், மூடலாம். ஆனா வால்வு கீழ இருந்தா, மூடியிருக்கிறப்பவும் குழாய் முழுக்கத் தண்ணி நிக்கும்.

உன் வண்டியில வால்வு கீழ. டொயோட்டாவோட பழைய வண்டிகள் பலதுல இப்படித்தான். ஹெட்லைட் ரிலே (கரண்டால இயங்குற ஸ்விட்ச்) மூணு பின்ல ஒண்ணுக்கு பிளஸ் குடுக்கும், அதான் பொதுப் பின். லோவா ஹையான்னு முடிவு பண்றது ஸ்டியரிங் பக்கத்து ஸ்விட்ச். அது லோ காலையோ (பின்னையோ) ஹை காலையோ எர்த் பண்ணும், அதாவது மைனஸோட சேர்க்கும். லோ எரியுதுன்னா லோ கால் எர்த்ல இருக்கு, அதனால 0.1. ஹை கால் எங்கயும் போகாம அந்தரத்துல நிக்குது. பொதுப் பின் பிளஸ், பல்போட ஹை இழை வழியா வந்து அங்க நிக்கும், அதனால 12.2. தண்ணி நிக்குது, ஓடல.

இப்ப உன் கூத்தைப் பாரு. வெள்ளை ஒயர் லோ கால்ல இருந்தப்ப, லைட் ஆஃப்னாலும் 0, லோ போட்டாலும் 0. பெட்டிக்கு வித்தியாசமே தெரியாது, டிஆர்எல் எரிஞ்சுட்டே இருக்கும். ஹை போட்டா லோ கால் அந்தரத்துல நின்னு 12 காட்டும், அணையும். பாஸ் அடிச்சாலும் அதேதான். பாய் சொல்லி ஹை காலுக்கு மாத்தினே, தலைகீழாச்சு.

பாய் மேல தப்பில்ல. பிளஸ் பக்கம் வால்வு வச்ச வண்டியா இருந்தா அவர் சொன்னது சரியாத்தான் இருந்திருக்கும்.

ஜூரோங்_பாய் · ஞாயிறு, இரவு 9.31

மாமா, மானத்தைக் காப்பாத்திட்டீங்க. ஒரு டீ என் கணக்கு.

கோவை2சிங்கை · ஞாயிறு, இரவு 10.02

ஒரு யோசனை. தனியா ஒரு ரிலே வாங்கி, அதோட காயிலை (ரிலேயை இழுக்கிற கம்பிச் சுருளை) பொதுப் பின்னுக்கும் லோ பின்னுக்கும் நடுவுல போட்டா? லோ போட்டதும் ஒரு பக்கம் 12, மறுபக்கம் 0. ரிலே இழுக்கும், டிஆர்எல் சப்ளையை வெட்டும். நேர்த்தியா இருக்கே?

பீடோக்_மாமா · ஞாயிறு, இரவு 10.20

ஹை போட்டா என்ன ஆகும்? குமரன் எழுதினதைத் திரும்பப் படி. பொதுப் பின் 12.1, லோ பின் 12.1. காயிலுக்கு ரெண்டு பக்கமும் ஒரே வோல்டேஜ், ரிலே விட்டுடும். ஹை பீமோட டிஆர்எல்லும் சேர்ந்து எரியும்.

கோவை2சிங்கை · ஞாயிறு, இரவு 10.23

🙏 தூங்கப் போறேன்.

தேக்கா_தேன்மொழி · திங்கள், காலை 7.48

நான் ஒயரிங் ஆள் இல்லை, தினமும் ஓட்டுறவ. ஒரு குறை சொல்லணும். இந்த டிஆர்எல் வந்ததிலேர்ந்து சாயங்காலம் ஏழரை மணி இருட்டுல, முன்பக்கம் பளிச்சுன்னும் பின்பக்கம் இருட்டாவும் ஓடுற காருங்க அதிகமாயிடுச்சு. டாஷ்போர்டும் எரியுது, முன்னால வெளிச்சமும் தெரியுது, லைட் போட்டாச்சுன்னு நினைச்சுக்கிறாங்க. டெயில் லைட் எரியாதது அவங்களுக்குத் தெரியாது. நேத்து கேபிஇ விரைவுச்சாலைச் சுரங்கத்துக்குள்ள எனக்கு முன்னால ஒருத்தர் அப்படித்தான் போனார். பிரேக் போட்டப்பதான் அங்க கார் இருக்கிறதே தெரிஞ்சுது.

குமரன், நீங்க மழைக்குன்னுதானே வாங்கினீங்க? மழையில உங்களுக்குப் பின்னால வர்றவருக்கு டிஆர்எல்லால என்ன பிரயோஜனம்?

ஈசூன்_குமரன் · திங்கள், காலை 8.15

அக்கா, நச்சுன்னு கேட்டீங்க. வீட்டம்மாகிட்ட இதைப் படிச்சுக் காட்டினேன். "அப்ப மழையில ஹெட்லைட்டையே போட வேண்டியதுதானே, இதுக்கு எதுக்குக் காசு"ன்னு கேட்டா. பதில் இல்லை.

பீடோக்_மாமா · திங்கள், காலை 10.30

தேன்மொழி சொல்றதுதான் சரி. மழை, சுரங்கம், இருட்டு எல்லாத்துக்கும் ஹெட்லைட்தான். இங்க சட்டப்படியே சாயங்காலம் 7 மணியிலேர்ந்து காலை 7 மணி வரைக்கும் லைட் எரியணும். டிஆர்எல் நல்ல வெயில்ல, மர நிழல் விழுற ரோட்டுல, எதிர்ல வர்றவனுக்கு வண்டி இருக்குன்னு காட்டத்தான்.

அதனாலதான் குமரா, வெள்ளை ஒயரைப் பொதுப் பின்ல மாட்டச் சொல்ல மாட்டேன். அங்க மாட்டினாலும் வேலை செய்யும். லோ, ஹை ரெண்டுலயும் அங்க 12 வருது. ஆனா சின்ன லைட் (பார்க்கிங் லைட்) ஒயர்ல மாட்டு. சின்ன லைட்டும் டெயில் லைட்டும் ஒரே சர்க்யூட். அப்ப கணக்கு என்ன? முன்னால டிஆர்எல் எரிஞ்சா பின்னால எதுவும் எரியலைன்னு அர்த்தம். டிஆர்எல் அணைஞ்சிருந்தா டெயில் எரியுது. சுவருக்கு முன்னால வண்டியை நிறுத்துறப்ப ஒரு பார்வையில தெரிஞ்சுடும்.

சின்ன லைட் ஒயரையும் அளந்து பார்த்துட்டு மாட்டு. ஸ்விட்ச் போட்டா 0-லேர்ந்து 12-க்கு ஏறணும். அங்க பெரும்பாலும் பிளஸ்தான் ஸ்விட்ச் ஆகும். இருந்தாலும் அளக்காம நம்பாதே.

இரண்டுசக்கரம் · திங்கள், பகல் 1.10

பைக்காரன் சார்பா ஒரு வார்த்தை. சிங்கப்பூர்ல 1995 நவம்பர்லேர்ந்து நாங்க பகல்லயும் லைட் போட்டுத்தான் ஓட்டுறோம். கார் கூட்டத்துல எங்களைத் தனியாக் காட்டினதே அந்த ஒரு விளக்குதான். இப்ப எல்லாக் கார்லயும் ரெண்டு வெள்ளைக் கோடு. உட்லண்ட்ஸ் பாலத்துல கண்ணாடியைப் பார்த்தா விளக்குத் தோரணம். அதுல எங்க ஒத்தை விளக்கை யார் பார்க்கிறது?

கோவை2சிங்கை · திங்கள், பகல் 1.45

இந்தியாவுலயும் 2017 ஏப்ரல் 1-லேர்ந்து புது பைக் எல்லாத்துலயும் ஹெட்லைட்டுக்கு ஆஃப் ஸ்விட்சே கிடையாது. ஊர்ல டீக்கடை வாசல்ல நிக்கிறவங்க "தம்பி, லைட் எரியுது"ன்னு கை காட்டிட்டே இருப்பாங்க.

கார்ல இதைத் தொடங்கினது குளிர் நாடுங்கதான். ஸ்வீடன் 1977-லயே பகல்லயும் லைட் கட்டாயம்னு சொல்லிடுச்சு. ஐரோப்பாவுல 2011 பிப்ரவரியிலேர்ந்து புது மாடல் கார்கள்ல டிஆர்எல் கட்டாயம். கண் கூசாம இருக்கவும் அளவு வச்சிருக்காங்க. ஐ.நா. விதி 87-ன்படி டிஆர்எல் வெளிச்சம் 400-லேர்ந்து 1,200 கேண்டெலாவுக்குள்ள இருக்கணும். விளக்கு மேல அந்த விதியோட முத்திரை, வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் ஈ எழுத்தும் எண்ணும், இருக்கான்னு பாருங்க குமரன்.

பொருத்துற இடத்துக்கும் கணக்கு உண்டு. தரையிலேர்ந்து 25 செ.மீ.க்குக் குறையாம, 150 செ.மீ.க்கு மேல போகாம இருக்கணும். ரெண்டு விளக்குக்கும் நடுவுல குறைஞ்சது 60 செ.மீ. இடைவெளி வேணும். ஹெட்லைட் போட்டா தானா அணையணும்கிறதும் விதியிலயே இருக்கு. பாஸ் அடிக்கிறதுக்கு மட்டும் விலக்கு.

பீடோக்_மாமா · திங்கள், மதியம் 2.20

நல்ல தகவல். இங்க எல்.டி.ஏ.வோட (தரைப் போக்குவரத்து ஆணையத்தோட) ஒன்மோட்டரிங் இணையப் பக்கத்தையும் பார்த்துக்கோ. எந்த மாற்றத்துக்கு அனுமதி வேணும், எதுக்கு வேண்டாம், எது கூடவே கூடாதுன்னு பிரிச்சுப் போட்டிருக்கு. பம்பர்ல துளை போட்டதுக்கு அப்புறம் படிக்கிறது பிரயோஜனமில்ல. உன் வண்டி 10 வருஷம் தாண்டினது, வருஷா வருஷம் இன்ஸ்பெக்‌ஷன் போகணும். அங்க போய் நின்னு முழிக்காதே.

ஈசூன்_குமரன் · திங்கள், இரவு 9.15

முத்திரை இருக்கு. கீழ் கிரில் பக்கத்துல 38 செ.மீ. உயரத்துல வருது, நடுவுல ஒரு மீட்டருக்கு மேல இடைவெளி. துளை இன்னும் போடலை, ஒயர் கட்டித் தொங்க விட்டிருக்கேன்.

இன்னொரு சந்தேகம். இன்ஜின் அணைச்சதும் சில நேரம் டிஆர்எல் அணைய மாட்டேங்குது. நீளமா ஓட்டிட்டு வந்து நிறுத்தினா ரெண்டு மூணு நிமிஷம் எரியுது.

பீடோக்_மாமா · திங்கள், இரவு 9.50

பெட்டி வோல்டேஜைப் பார்த்து ஊகிக்குது. ஆல்டர்னேட்டர் ஓடினா 14 பக்கம் இருக்கும், நின்னா குறையும். ஆனா நல்லா சார்ஜ் ஆன பேட்டரி உடனே இறங்காது, கொஞ்ச நேரம் மேலயே நிக்கும். பெட்டி இன்ஜின் ஓடுறதா நினைச்சுக்கும். புது வண்டிகள்ல ஆல்டர்னேட்டரே வோல்டேஜை ஏத்தி இறக்கும், அங்க டிஆர்எல் மின்னிக்கிட்டே வரும்.

என்னைக் கேட்டா பெட்டியைத் தூக்கி எறி. 5 கால் ரிலே ஒண்ணு போதும். காயிலுக்குக் குறுக்கே டையோடு (ஒரு திசையில மட்டும் கரண்டை விடுறது) உள்ளதா வாங்கு.

ரிலே கால்ல எழுதியிருக்கிற எண்படி மாட்டு: 30-ல இக்னிஷன் பிளஸ் (சாவி போட்டா மட்டும் வர்றது), பியூஸ் வழியா. 87ஏ-லேர்ந்து டிஆர்எல்லுக்கு. 86-ல சின்ன லைட் பிளஸ். 85 பாடி எர்த். 87 சும்மா இருக்கட்டும், ஆனா மேல டேப் சுத்து. டையோடு இருக்கிறதால 85, 86 மாறக் கூடாது.

சின்ன லைட் போடாத வரைக்கும் 30-உம் 87ஏ-உம் சேர்ந்திருக்கும், டிஆர்எல் எரியும். போட்டதும் ரிலே இழுத்து வெட்டிடும். சாவியை அணைச்சா ரெண்டும் இல்ல. ஊகமே கிடையாது.

பிளஸ்ஸை உள்ள இருக்கிற பியூஸ் பாக்ஸ்ல பியூஸ் டேப் (பியூஸ் இடத்துல சொருகி, புது ஒயர் எடுக்கிற அடாப்டர்) போட்டு எடு. 3 ஆம்பியர் பியூஸ் தாராளம். பியூஸ் டேப்புக்குத் திசை உண்டு, கவனம். அதோட ஒயர் இல்லாத கால், பாக்ஸ்ல கரண்ட் வர்ற பக்கம் இருக்கணும். திருப்பிச் சொருகினா உன் 3 ஆம்பியரோட பழைய பியூஸும் சேர்ந்து பாரம் சுமக்கும்.

அந்த நீலக் கிளிப்பைக் கழட்டு. உள்ள இருக்கிற தகடு ஒயர் இழையில பாதியை வெட்டியிருக்கும். இந்த ஊர் ஈரத்துல ஒரு வருஷத்துல பச்சையாப் பூத்துடும். ஹெட்லைட் ஒயர்ல கிளிப் கடிச்ச ரெண்டு இடத்தையும் திறந்து பாரு, இழை அறுந்திருந்தா சாலிடர் வச்சு ஸ்லீவ் போடு. லோ பீம் ஒரு பல்பு 55 வாட், நாலரை ஆம்பியர் ஓடுற ஒயர் அது. பாதி இழையில ஓடினா சூடாகும்.

ஜூரோங்_பாய் · திங்கள், இரவு 10.05

நான் நீலக் கிளிப் போட்டு நாலு வருஷம் ஆச்சு. நாளைக்குத் திறந்து பார்க்கிறேன். பயமா இருக்கு.

தேக்கா_தேன்மொழி · செவ்வாய், காலை 7.30

என் வண்டி ஐரோப்பா வண்டி. அதுல இந்த ரிலே வித்தை நடக்குமா?

கோவை2சிங்கை · செவ்வாய், காலை 9.10

அவசரப்படாதீங்க அக்கா. அந்த வண்டிகள்ல பல்பு எரியுதா போச்சான்னு கம்ப்யூட்டர் அடிக்கடி துடிப்பு அனுப்பிப் பார்க்கும். சின்ன லைட் ஒயர்ல வேற ஏதாவது மாட்டினா டாஷ்போர்டுல எச்சரிக்கை வரும், எல்இடி மினுக்கும். அதைச் சமாளிக்க 6 ஓம் ரெசிஸ்டர் போடச் சொல்வாங்க. 14 வோல்ட்ல அது முப்பது வாட்டுக்கு மேல சூடாக் கக்கும். பிளாஸ்டிக்ல ஒட்டி வச்சா உருக்கிடும். அதோட அந்த வண்டிகள் பலதுல டிஆர்எல் ஏற்கெனவே உண்டு, மெனுவுல அணைச்சு வச்சிருப்பாங்க. முதல்ல அதைத் தேடுங்க.

தேக்கா_தேன்மொழி · செவ்வாய், காலை 9.40

மெனுவுல இருந்துச்சு. மூணு வருஷமா ஓட்டுறேன். யாரும் சிரிக்க வேண்டாம்.

ஜூரோங்_பாய் · செவ்வாய், இரவு 8.20

கிளிப்பைத் திறந்தேன். மாமா சொன்ன மாதிரியே பச்சை. ஏழு இழையில மூணுதான் பாக்கி. 😬

ஈசூன்_குமரன் · ஞாயிறு, மாலை 6.40

வேலை முடிஞ்சுது. சிம் லிம் டவர்ல ரிலே, சாக்கெட், ஸ்லீவ், பியூஸ் டேப் எல்லாம் ஒரே கடையில கிடைச்சுது. ரிலேன்னு கேட்டதும் கடை அங்கிள் "டையோடு வேணுமா வேண்டாமா"ன்னுதான் முதல்ல கேட்டார். மாமாவோட சொந்தக்காரரா இருப்பாரோ.

சின்ன லைட் ஒயரை அளந்தேன், 0-லேர்ந்து 12.3. இக்னிஷன் ஒயரை உள்ளேர்ந்து வெளிய கொண்டு வர்றதுதான் பெரிய பாடு. டாஷ்போர்டுக்கு அடியில தலைகீழாப் படுத்து, ரப்பர் வளையம் வழியா ஒயரை நுழைக்கவே ஒன்றரை மணி நேரம். கடைசியில உணவங்காடியில குடுத்த ஜூஸ் குழலுக்குள்ள ஒயரை விட்டுத் தள்ளினேன், வழுக்கிட்டு வந்துடுச்சு. ஹெட்லைட் ஒயர்ல ரெண்டு கிளிப் இடத்தையும் சாலிடர் வச்சு மூடியாச்சு. ஒண்ணுல நாலு இழை அறுந்திருந்துச்சு, ஒரே வாரத்துல!

டெக் சுவருக்கு முன்னால வண்டியை நிறுத்தி, வீட்டம்மாவைப் பின்னால நிக்க வச்சுச் சோதிச்சேன். சாவி போட்டேன், சுவர்ல ரெண்டு வெள்ளைக் கோடு. சின்ன லைட் போட்டேன், உள்ள ரிலே "டிக்", கோடு காணோம், பின்னாலேர்ந்து "சிவப்பு எரியுது"ன்னு குரல். லோ, ஹை ரெண்டுலயும் டிஆர்எல் எரியலை. பாஸ் அடிச்சா மட்டும் டிஆர்எல் அசையாம அப்படியே நிக்குது. விதியில அதுக்கு விலக்குன்னு கோவை சொன்னாரே, அதனால விட்டுட்டேன்.

திரும்பி வர்றப்ப ஈசூன் அவென்யூல மழை பிடிச்சுது. கை தானா ஹெட்லைட் ஸ்விட்சுக்குப் போச்சு. "அந்த டிஆர்எல் எரியுதா?"ன்னு பக்கத்துலேர்ந்து கேள்வி. இல்லைன்னேன்.

பீடோக்_மாமா · ஞாயிறு, இரவு 7.35

ரிலேயைக் கால் கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டினியா? மேல பார்த்தா தண்ணி இறங்கும்.

ஈசூன்_குமரன் · ஞாயிறு, இரவு 7.41

...இப்ப கார்பார்க் போறேன் மாமா.